நாலு கை, ஒரு கதை – 7: முடிவு தெரிந்த த்ரில்லர்

ஒரு த்ரில்லர் தொடர் எழுத உட்காருகிறீர்கள். வில்லன் எத்தனை வருடம் ஆள்வான், எந்த இடத்தில் அடிபடுவான், கடைசியில் யார் ஜெயிப்பார் என்பதெல்லாம் ஏற்கெனவே அச்சாகி வாசகர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதுவும் நேற்று அச்சானதல்ல. பல வாசகர்களுக்கு அதில் சில பகுதிகள் மனப்பாடம். இந்த நிலையில் அவர்களை நடுராத்திரி வரை தூங்கவிடாமல் பக்கம் புரட்டவைக்க முடியுமா?

முடிந்தது. 1995-ல் அமெரிக்காவின் டிண்டேல் ஹவுஸ் பதிப்பகம் ‘லெஃப்ட் பிஹைண்ட்’ என்ற நாவலை வெளியிட்டது. விட்டுச்செல்லப்பட்டவர்களின் கதை. அட்டையில் இரண்டு பெயர்கள்: டிம் லஹேய், ஜெர்ரி பி. ஜென்கின்ஸ். உலகத்தின் கடைசி நாட்களைப் பற்றிய அந்த ஒரு நாவல் வளர்ந்து, முன்கதை, பின்கதை எல்லாம் சேர்த்து 16 நாவல்கள் ஆனது. 6.5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1994 முதல் 2000 வரை அமெரிக்காவில் அந்தந்த வருடம் அதிகம் விற்ற நாவல் ஜான் கிரிஷாமுடையதாகத்தான் இருந்தது. 2001-ல் அந்த வரிசையை உடைத்தது இந்தத் தொடரின் ஒன்பதாவது புத்தகம். ஒரு கிறிஸ்தவப் பதிப்பகம் பைபிளின் கடைசிப் புத்தகத்தை வைத்துப் போட்ட நாவல், வழக்கறிஞர் கதைகளின் மன்னரை முந்தியது.

போன வாரம் பார்த்த லாரி நிவனும் ஜெர்ரி பூர்னலும் பூமியில் ஒரு வால்நட்சத்திரத்தை மோதவைத்தார்கள். இருவருக்கும் அறிவியல் தெரியும், இருவருக்கும் கதை எழுதத் தெரியும். நம் ஊரில் சுரேஷும் பாலகிருஷ்ணனும் ‘சுபா’ என்று ஒரே பெயராகிவிட்டார்கள். எந்த வரி யாருடையது என்று வாசகர் தேடியதேயில்லை. லஹேய் – ஜென்கின்ஸ் ஜோடி அப்படிப்பட்டதல்ல. ஒருவர் செய்த வேலையை மற்றவரால் செய்திருக்கவே முடியாது. ஒருவர் கையில் வரைபடம் இருந்தது, மற்றவர் கையில் மனிதர்கள் இருந்தார்கள். இந்தத் தொடரின் பலமும் பலவீனமும் அங்கேதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் மூத்தவர். டிம் லஹேய் 1926-ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பா இறந்துபோனார். அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடந்த காலம். அடக்கத்தின்போது போதகர் சொன்ன வார்த்தைகள் தன் வாழ்க்கையையே தீர்மானித்தன என்று லஹேய் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். இது இந்த மனிதருடைய முடிவல்ல, ஒருநாள் கிறிஸ்து வானத்திலிருந்து இறங்கி வருவார், அவருக்குள் இறந்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள், உயிரோடிருப்பவர்களும் அவர்களோடு சேர்ந்து ஆகாயத்தில் அவரைச் சந்திப்பார்கள் என்பதுதான் போதகர் சொன்னதன் சாரம். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தின் நான்காம் அதிகாரம் அது. தமிழ்க் கிறிஸ்தவ அடக்க ஆராதனைகளுக்குப் போனவர்கள் எல்லாருக்கும் காதில் விழுந்திருக்கும்.

ஒன்பது வயதுப் பையனுக்கு அது இறையியல் அல்ல. அப்பாவை மறுபடி பார்ப்பேன் என்ற வாக்குறுதி. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் இந்தத் தொடர் புரியும். பின்னால் வரும் பூகம்பங்களும் வெட்டுக்கிளிகளும் போர்களும் ஒரு புதைகுழியின் ஓரத்தில் கிடைத்த ஆறுதலிலிருந்து முளைத்தவை.

லஹேய் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படையின் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராக இருந்தார். பிறகு பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து பாப்டிஸ்ட் போதகரானார். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஒரே சபையை 25 வருடம் நடத்தினார். மனைவி பெவர்லியோடு சேர்ந்து 1976-ல் தாம்பத்தியத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கட்டுப்பெட்டியான சபை வட்டாரத்தில் அந்தப் பொருளை வெளிப்படையாகப் பேசிய அந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. ஆக, சேர்ந்து எழுதுவது அவருக்குப் புதிதல்ல. ‘மாரல் மெஜாரிட்டி’ போன்ற வலதுசாரி அரசியல் அமைப்புகளிலும் அவர் முக்கியமானவர். ஆனால் ஆயுள் முழுக்க அவரை ஆட்டிப்படைத்த விஷயம் தீர்க்கதரிசனம்தான். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு விளக்கவுரை எழுதினார். கடைசிக் காலத்தின் நிகழ்வுகளைக் கோடு போட்டு, கட்டம் கட்டி, அட்டவணையாக வரைந்தார்.

அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. கிறிஸ்து மறுபடி வருவார் என்பது எல்லா சபைகளின் விசுவாசப் பிரமாணத்திலும் உண்டு. ஆனால் அவர் இரண்டு கட்டமாக வருவார், முதலில் ரகசியமாக வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வார், மிச்சமிருக்கும் உலகம் ஏழு வருடம் உபத்திரவத்தில் உழலும், அதன்பிறகே எல்லோரும் காண வருவார் என்று பிரித்துச் சொல்வது ஒப்பீட்டளவில் புதியது. 1830-களில் அதை ஒரு முறையான போதனையாக ஆக்கியவர் ஜான் நெல்சன் டார்பி. அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வெளியேறி, பிளிமத் பிரதரன் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானவர். தானியேல் புத்தகத்தில் வரும் எழுபது வாரக் கணக்கில் 69 வாரங்கள் முடிந்துவிட்டன, எழுபதாவது வாரம் மட்டும் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, அந்த ஒரு வாரம் ஏழு வருடம் என்றார் டார்பி. கடிகாரம் நின்றிருக்கிறது, விசுவாசிகள் மறைந்தபிறகு மறுபடி ஓடத்தொடங்கும். 1909-ல் ஆக்ஸ்ஃபோர்ட் யுனிவர்சிடி பிரஸ் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு பைபிள் இந்தக் கணக்கை வசனங்களுக்கு அடியிலேயே குறிப்புகளாக அச்சிட்டது. வசனம் எது, குறிப்பு எது என்று பிரித்துப் பார்க்காமல் பல தலைமுறைகள் படித்தன.

இதில் தமிழ் மண்ணுக்கும் ஒரு நேரடி இழை இருக்கிறது. டார்பியோடு டப்ளினில் அந்த ஆரம்ப வட்டத்தில் இருந்தவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். மிஷனரியாக பாக்தாத் போனார். அங்கே 1831-ல் கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தார். 1833-ல் இந்தியா வந்தார். பிறகு சித்தூரில் தங்கி வேலைசெய்தார். அவரோடு இணைந்து ஊழியம் செய்தவர் திருநெல்வேலிச் சீமையின் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். அருளப்பன் உருவாக்கிய கிறிஸ்தியான்பேட்டையில் 1860-ல் மூண்ட எழுப்புதலை இந்தியச் சபை வரலாறு எழுதுபவர்கள் யாரும் தவறவிடுவதில்லை. குரோவ்ஸுக்கும் டார்பிக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. 1836-லேயே டார்பியின் போக்கு குறுகிவருவதைக் கண்டித்து குரோவ்ஸ் ஒரு கடிதம் எழுதினார். ஆனாலும் அந்த ஓடை இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் பெந்தெகொஸ்தே சபைகள் வழியாக இன்னும் பெரிதாகப் பாய்ந்தது. ‘இரகசிய வருகை’, ‘அந்திக்கிறிஸ்து’, ‘மிருகத்தின் முத்திரை’ எல்லாம் நம் கன்வென்ஷன் பந்தல்களில் இன்றும் ஒலிபெருக்கியில் கேட்கும் வார்த்தைகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டில் யாரும் இல்லாததைக் கண்டு, தன்னை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்களோ என்று நெஞ்சு படபடத்து நின்ற பிள்ளைகள் மிச்சிகனில் மட்டுமல்ல, நாசரேத்திலும் மார்த்தாண்டத்திலும் உண்டு. லஹேய் எழுதவைத்த கதைக்கு வாசகர் எங்கெல்லாம் தயாராக இருந்தார் என்பது இதிலிருந்து தெரியும்.

கதையாக்கும் முயற்சியும் புதிதல்ல. இங்கிலாந்தில் சிட்னி வாட்சன் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை நாவல்களாக்கிவிட்டார். 1970-ல் ஹால் லிண்ட்சே, கேரல் கார்ல்சன் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து எழுதிய ‘தி லேட் கிரேட் பிளானட் எர்த்’ நாவல் அல்ல. தீர்க்கதரிசனங்களைச் செய்தித்தாளோடு பொருத்திக்காட்டும் புத்தகம். அமெரிக்காவில் அந்தப் பத்தாண்டில் புனைவல்லாத நூல்களில் அதிகம் விற்றது அதுதான். அங்கேயும் நாலு கைதான், அங்கேயும் ஒருவர் கணக்கைத் தர மற்றவர் மொழியைத் தந்தார். லஹேய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். விளக்கவுரையை ஏற்கெனவே நம்புகிறவர்கள்தான் வாங்குகிறார்கள், நாவலை யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அவருக்குக் கதை கிடைத்த இடம் விமானம். கூட்டங்களில் பேசுவதற்காக அடிக்கடி பறப்பவர். ஒரு பயணத்தில் விமானியைக் கவனித்தார். விரலில் கல்யாண மோதிரம். அவர் சிரித்துக் குழைந்து பேசிக்கொண்டிருந்த பணிப்பெண்ணின் விரலில் மோதிரம் இல்லை. லஹேய்க்குள் ஒரு கேள்வி எழுந்தது: இந்த நிமிடம் இரகசிய வருகை நடந்து, விமானத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் மறைந்துபோனால்? பக்தியுள்ள தன் மனைவி போயிருப்பாள், பிள்ளை போயிருக்கும், தான் மட்டும் மிச்சம் என்று இந்த மனிதனுக்கு உறைத்தால்?

இந்தக் கேள்வியின் அழகு, அது உலகத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பதுதான். ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறது. அட்டவணை போட்டு வாழ்ந்த மனிதருக்கு ஒரு கணம் நாவலாசிரியரின் கண் வாய்த்துவிட்டது. ஆனால் தன்னால் நாவல் எழுதமுடியாது என்பதும் அவருக்குத் தெரியும். அந்தத் தெளிவு பெரிய விஷயம். எத்தனையோ நல்ல கதைகள், அவை யாருக்குத் தோன்றினவோ அவர்களே எழுதியதால் வீணாகியிருக்கின்றன. லஹேய் சில வருடம் காத்திருந்தார். ரிக் கிறிஸ்டியன் என்ற இலக்கிய முகவர்தான் அவரையும் ஜென்கின்ஸையும் சேர்த்துவைத்தார்.

ஜெர்ரி ஜென்கின்ஸ் 1949-ல் மிச்சிகனின் கலமசூவில் பிறந்தவர். லஹேயைவிட 23 வயது இளையவர். பள்ளி நாட்களிலேயே உள்ளூர் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதத் தொடங்கி, சிகாகோவில் மூடி பைபிள் இன்ஸ்டிடியூட்டின் பதிப்புத் துறைக்குத் தலைவரானவர். பேஸ்பால் வீரர்கள் ஹாங்க் ஆரன், நோலன் ரயன், அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் வால்டர் பெய்டன் ஆகியோரின் வாழ்க்கைக் கதைகளை அவர்களோடு உட்கார்ந்து எழுதிக்கொடுத்தவர். பில்லி கிரஹாமின் சுயசரிதைக்கும் உதவினார். இன்னொருவர் குரலை வாங்கி, அதைத் தன் விரலால் எழுதும் பழக்கம் அவருக்கு முழுநேரத் தொழில். விளையாட்டு பற்றிய பத்திரிகைச் சித்திரத்தொடர் ஒன்றுக்கும் பல வருடம் கதை எழுதினார். தினமும் மூன்று நான்கு கட்டத்துக்குள் நாளைக்கு ஒரு கொக்கியை மாட்டும் வேலை அது. வாரப்பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு அந்தக் கொக்கியின் மதிப்பைச் சொல்லித்தரவேண்டியதில்லை.

இருவரும் வேலை செய்த முறை எளிமையானது. எந்தப் புத்தகத்தில் தீர்க்கதரிசன அட்டவணையின் எந்தப் பகுதி வரவேண்டும், அந்த வசனங்களுக்கு என்ன பொருள் என்பதை லஹேய் எழுதித் தருவார். ஜென்கின்ஸ் நாவலை எழுதுவார். லஹேய் படித்து இறையியல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். நாவலின் வாக்கியங்கள் எல்லாம் ஜென்கின்ஸுடையவை. முதலில் ஒரே புத்தகம் என்பதுதான் திட்டம். எழுத எழுத, பக்கங்கள் நிறைகின்றன, கதைக்குள் சில நாட்கள்தான் கடந்திருக்கின்றன. ஏழு வருடத்தை ஒரு புத்தகத்தில் அடைக்கமுடியாது என்று தெரிந்தது. முத்தொகுதி என்றார்கள். பிறகு அதுவும் போதாமல் 12 என்று நின்றது.

என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். ஜென்கின்ஸ் முன்கூட்டியே கதைச்சுருக்கம் போட்டுக்கொள்ளாத எழுத்தாளர். பாத்திரங்களை இக்கட்டில் தள்ளிவிட்டு, என்ன செய்கிறார்கள் என்று பின்னால் போய்ப் பார்ப்பதுதான் தன் முறை என்று சொல்வார். பிடித்தமான பாத்திரத்தை ஏன் கொன்றீர்கள் என்று வாசகர்கள் கேட்டபோது, தான் கொல்லவில்லை, எழுதப்போன இடத்தில் செத்துக்கிடந்ததைக் கண்டதாகத்தான் பதில் சொன்னார். ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம் என்று 21 தண்டனைகளையும் வரிசைப்படுத்தி வைத்திருந்த லஹேய் ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று தெரியாமல் தட்டச்சு செய்த ஜென்கின்ஸ் மறுபக்கம். உலகத்துக்கு என்ன ஆகும் என்பது முடிவாகிவிட்டது. கதையின் விமானி ரேஃபோர்டுக்கு என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இந்த ஜோடியின் விடை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

முதல் புத்தகத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். சிகாகோவிலிருந்து லண்டன் போகும் 747 விமானம், அட்லாண்டிக் மேல் இரவு. விமானி ரேஃபோர்ட் ஸ்டீல், மதப்பற்றில் மூழ்கிய மனைவி ஐரீனிடமிருந்து மனதளவில் விலகி, பணிப்பெண் ஹாட்டி டர்ஹாம்மீது ஆசையை வளர்த்துக்கொண்டிருக்கிறார். ஹாட்டி ஓடிவந்து, ஆட்களைக் காணோம் என்கிறாள். இருக்கைகளில் உடைகள் மட்டும் கிடக்கின்றன. அவற்றோடு மூக்குக்கண்ணாடி, நகை. ஒரு வயதான அம்மாள் தன் கணவர் துணியில்லாமல் எங்கே போனார் என்று குழம்பி நிற்கிறார். உலகத்தின் குழந்தைகள் அனைவரும் மறைந்திருக்கிறார்கள். பிரசவ அறையில் தாயின் வயிறு திடீரென்று வற்றிப்போவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். விமானத்தில் இருக்கும் பத்திரிகையாளர் பக் வில்லியம்ஸ், இருக்கைத் தொலைபேசியின் வயரைத் தன் லேப்டாப்போடு இணைத்து வெளியுலகத்தைத் தொடர்புகொள்ளப் பார்க்கிறார். 1995-ன் தொழில்நுட்பம்தான், ஆனாலும் அந்தப் பரபரப்பு இன்றும் வேலை செய்கிறது. பிரளயத்தை வானத்திலிருந்து காட்டாமல், மடித்துவைக்கப்படாத ஒரு சட்டையில் காட்டத் தெரிந்தது ஜென்கின்ஸின் செய்தியாளர் கண்.

அதைவிட வலுவானது புரூஸ் பார்ன்ஸ் என்ற பாத்திரம். ஐரீன் போய்வந்த சபையின் துணைப் போதகர். மனைவியும் பிள்ளைகளும் மறைந்துவிட்டார்கள், போதகர் மட்டும் மிச்சம். இத்தனை வருடமும் நம்புவதுபோல் பேசினேன், நம்பவில்லை என்று ரேஃபோர்டிடம் ஒப்புக்கொள்கிறார். தலைமைப் போதகர், இப்படி ஒரு நாள் வந்தால் மிஞ்சியிருப்பவர்கள் பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே பதிவுசெய்து வைத்திருந்த வீடியோ டேப்பை எடுத்துத் தருகிறார். பிரசங்கம் செய்பவரே விட்டுச்செல்லப்பட்டார் என்ற இந்தக் கற்பனை, இந்த ஜோடி தொட்ட உச்சம். வாழ்நாள் முழுக்கப் போதகராக இருந்த லஹேய் இதற்குச் சம்மதித்திருக்கிறார் என்பதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. அவருடைய மந்தையில் நூற்றுக்கணக்கான போதகர்கள் இதைப் படித்து வியர்த்திருப்பார்கள்.

முடிவு தெரிந்த இடத்தில் எப்படி மர்மம் வைப்பது என்பதற்குப் பாடமாகச் சொல்லத்தக்க இடம் தொடரின் நடுவில் வருகிறது. அந்திக்கிறிஸ்துவாக வரும் நிக்கோலாய் கார்பாத்தியா ருமேனிய அரசியல்வாதி, ஐ.நா.வின் பொதுச்செயலாளராகி உலகத்தையே ஆளத்தொடங்குகிறான். வெளிப்படுத்தின விசேஷத்தின் 13-ம் அதிகாரப்படி அவனுக்குச் சாவுக்கேதுவான காயம் பட்டுக் குணமாகவேண்டும். ஆக அவன் கொல்லப்படுவான், எழுந்திருப்பான். வாசகருக்கு இரண்டும் தெரியும். ஜென்கின்ஸ் என்ன செய்தார்? யார் கொல்வது என்பதை மர்மமாக்கினார். 1999-ல் வந்த ஆறாவது புத்தகத்தில் எருசலேமில் திரளான கூட்டத்துக்கு நடுவே ரேஃபோர்ட் துப்பாக்கியோடு நிற்கிறார். இன்னும் பலருக்கும் அவனைக் கொல்லக் காரணம் இருக்கிறது. அடுத்த புத்தகத்தில்தான் தெரியும், கொன்றது ஹயீம் ரோசன்ஸ்வைக் என்ற முதிய யூத விஞ்ஞானி. பைபிள் நிரப்பாமல் விட்ட ஒரு வரியைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு துப்பறியும் கதையைக் கட்டியிருக்கிறார். 2000-ல் வந்த அந்த ஏழாவது புத்தகம் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் நேராக முதலிடத்துக்குப் போனது.

அடுத்த வருடம் செப்டம்பர் 11. கோபுரங்கள் விழுவதை உலகம் பார்த்தது. அக்டோபர் கடைசியில் ஒன்பதாவது புத்தகம் ‘டெஸிக்ரேஷன்’ வந்தபோது ஏறத்தாழ 30 லட்சம் பிரதிகள் போயின. மனிதர்கள் பயந்திருந்தார்கள், நடப்பதற்கெல்லாம் ஒரு வரிசை இருக்கிறது, யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும் கதையைத் தேடினார்கள். அந்தத் தேடலை நான் குறைவாக மதிப்பிடமாட்டேன்.

ஆனால் அட்டவணை கதையை விழுங்கத் தொடங்கியதும் அதே புத்தகங்களில்தான். உலகத்தின் எல்லாக் குழந்தைகளும் ஒரே நொடியில் மறைந்துபோன பூமி எப்படி இருக்கும்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காலித் தொட்டில். ஒவ்வொரு தெருவிலும் பித்துப்பிடித்த ஒரு தாய். பள்ளிக்கூடங்கள் என்ன ஆயின, ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? முதல் புத்தகத்தின் சில அத்தியாயங்களுக்குப் பிறகு இந்தத் துயரம் கதையை விட்டுப் போய்விடுகிறது. அரசியல்வாதிகள் மாநாடு கூட்டுகிறார்கள், விமானங்கள் பறக்கின்றன, பக் வில்லியம்ஸ் காதலிக்கிறார். அடுத்த முத்திரை உடைபடவேண்டும், நேரமில்லை. அப்பாவை இழந்த ஒன்பது வயதுப் பையனின் ஆறுதலிலிருந்து பிறந்த கதை, பிள்ளைகளை இழந்த கோடிக்கணக்கான பெற்றோரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தத் தொடர்மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இது. புரூஸ் பார்ன்ஸுக்குக் கிடைத்த அழுகை மற்றவர்களுக்கும் கிடைத்திருந்தால், இது விற்பனைச் சாதனையாக மட்டுமில்லாமல் பெரிய இலக்கியமாகவும் ஆகியிருக்கும்.

உலகத்தைப் பார்க்கும் விதத்திலும் அதே குறை. கார்பாத்தியாவின் முதல் திட்டம் ஆயுதக் குறைப்பு. நாடுகள் தங்கள் ஆயுதங்களில் 90 சதவீதத்தை அழித்து, 10 சதவீதத்தை ஐ.நா.விடம் ஒப்படைக்கவேண்டும் என்கிறான். சமாதானம் பேசுகிறவன்தான் சாத்தான் என்று வாசகர் மனதில் பதிகிறது. கோடிக்கணக்கானவர்கள் படிக்கும் கதையில் இப்படி ஒரு சந்தேகத்தை விதைப்பது சாதாரண விஷயமல்ல. புது அரசில் உலகம் பத்துப் பிராந்தியங்களாகப் பிரிக்கப்படுகிறது. அதில் ஒன்று ‘ஐக்கிய இந்திய மாநிலங்கள்’. நம் தேசத்து மனிதர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று தேடினால் ஏமாற்றம்தான். நிர்வாக எல்லையாக மட்டும் இருக்கிறோம். யூதர்களுக்கோ கதையில் இரண்டே வழி: மனம்மாறுவது, அல்லது அழிவது. 2004-ல் 12-வது புத்தகம் வந்தபோது, கிறிஸ்து திரும்பிவந்து வார்த்தையால் சேனைகளைக் கிழிக்கும் காட்சிகளையும், நம்பாதவர்கள் நெருப்பில் தள்ளப்படுவதையும் நியூயார்க் டைம்ஸில் நிக்கோலஸ் கிறிஸ்டாஃப் கடுமையாக விமர்சித்தார். அதற்கு முந்தைய வருடமே இல்லினாய் மாநிலத்தின் கத்தோலிக்க ஆயர்கள் இந்தத் தொடரின் போதனையை ஏற்கவேண்டாம் என்று தங்கள் மக்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

எதிர்ப்பில் சுவையான ஒன்று, சொந்தப் பதிப்பகத்திலிருந்தே வந்தது. 2004-ல் டிண்டேல் ஹவுஸ் இன்னொரு நாலு கை நாவலை வெளியிட்டது: ஹாங்க் ஹானக்ராஃப், சிக்மண்ட் புரௌவர் எழுதிய ‘தி லாஸ்ட் டிசைப்பிள்’. வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகம் எதிர்காலத்தவன் அல்ல, முதல் நூற்றாண்டின் ரோமப் பேரரசன் நீரோ என்பது அவர்களுடைய வாதம். கதை நடப்பதும் நீரோ காலத்து ரோமில். லஹேயின் அட்டவணை முழுவதையும் அது செல்லாததாக்கியது. தன் புத்தகங்கள் ஈட்டிய பணத்தில் நிமிர்ந்த பதிப்பகம் தன் போதனைக்கு எதிரான தொடரைப் போட்டதில் லஹேய் மனம் உடைந்து, அதை வெளிப்படையாகவே சொன்னார். அவருடைய வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒரே பைபிள் புத்தகத்தை வைத்து இரண்டு ஜோடிகள் இரண்டு எதிரெதிர்க் கதைகளைச் சொல்லவும், இரண்டையும் ஒரே வீடு அச்சிடவும் முடிந்தது அந்தப் பதிப்பகத்துக்குப் பெருமை என்றே நினைக்கிறேன்.

லஹேய் அதற்கு முன்பே பான்டம் டெல் பதிப்பகத்தில் வேறு கூட்டாளியோடு ‘பாபிலோன் ரைசிங்’ என்ற புதுத் தொடரை 2003-ல் தொடங்கியிருந்தார். பிறகு கிரெய்க் பார்ஷலோடு இன்னொரு கடைசிக் காலத் தொடர். ஜென்கின்ஸும் தனியாக ‘சூன்’ என்று ஒரு தொடர் எழுதினார். எதுவும் பழைய உயரத்தின் பக்கத்தில் வரவில்லை. அதே அட்டவணை வேறு எழுத்தாளர் கையில் அட்டவணையாகவே நின்றது. அதே கொக்கிகள் லஹேயின் தீராத நிச்சயம் இல்லாமல் வெறும் கொக்கிகளாயின.

லஹேய் 2016 ஜூலையில், 90 வயதில் காலமானார். அதற்கு இரண்டு வருடம் முன்பு நிக்கோலஸ் கேஜ் நடித்து ஒரு சினிமா வந்தது. படமாகச் சுமாருக்கும் கீழே. ஆனால் அதை எடுத்தவர்கள் செய்த ஒரு தேர்வு கவனிக்கத்தக்கது. முத்திரைகளையும் எக்காளங்களையும் விட்டுவிட்டார்கள், கார்பாத்தியாவையே விட்டுவிட்டார்கள். அந்த ஒரு விமானத்தையும், அந்த விமானியையும், அவர் மகளையும் மையமாக வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் கில்லர்மோ டெல் டோரோவும் சக் ஹோகனும். தொலைக்காட்சித் தொடராக எடுக்க நினைத்த ரத்தக்காட்டேரிக் கொள்ளைநோய்க் கதையை ஓர் இயக்குநர் ஏன் ஒரு நாவலாசிரியரிடம் கொண்டுபோனார் என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)